செருப்பைக் கழுவணுமாம், தடுப்பூசி மட்டும் நம்ம இஷ்டமாம்

நீண்ட இழை இது. டாக்டருக்கு டூர் விஷயத்துல என்ன வேலைன்னு கேட்கப் போறவங்க, முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

போன மாசம் என்னோட ரெகுலர் பேஷன்ட் ஒருத்தர் வந்தார். 68 வயசு, சர்க்கரை, பிபி, ரெண்டு ஸ்டென்ட். கையில நாலு பக்க ஃபார்ம். மகன் சிட்னியில இருக்கார். அப்பா அம்மாவோட நாற்பதாவது கல்யாண நாளுக்கு மொத்தக் குடும்பத்தையும் கப்பல்ல கூட்டிட்டுப் போறார். மூவாயிரம் பேர் ஏறுற மிதக்கும் மால் இல்லை. நூத்துச் சொச்சம் பயணிகள் மட்டும் ஏறுற சின்ன சொகுசுக் கப்பல். கெய்ர்ன்ஸ்ல கிளம்பி பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு வழியா ஃபிஜி. ரெண்டு வாரம். ஒரு ஆளுக்குப் பத்து லட்சத்தை அலட்சியமா தாண்டுது.

"ஃபிட்னு ஒரு கையெழுத்து போட்டுக் கொடுங்க சார், போதும்."

ஃபார்மைப் படிச்சேன். நெஞ்சுவலி உண்டா, ஆக்ஸிஜன் தேவைப்படுமா, கப்பல்லருந்து ரப்பர் படகுல தானா இறங்க முடியுமா, முழங்கால் தண்ணியில நடந்து கரையேற முடியுமா. எல்லாமே ஒரே கேள்விதான்: இவரால கப்பலுக்குத் தொல்லை வருமா?

கூடவே இன்னொரு தாள். அதுல காலணியோட அடிப்பாகத்தைப் பிரஷ் போட்டுத் தேய்க்கணும், பையோட மூலை முடுக்கெல்லாம் சுத்தம் பண்ணணும், வெல்க்ரோவுல ஒட்டியிருக்கிற விதையைப் பொறுக்கி எடுக்கணும்னு இருக்கு. வெளியூர் விதை ஒண்ணுகூட தீவுக்குள்ள போயிடக் கூடாதாம். நூத்துக்கு நூறு சரி. குவாம் தீவுக்கு ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கொஞ்ச வருஷத்துல சரக்கோட சரக்கா போன ஒரு வகைப் பாம்பு, அந்தத் தீவோட காட்டுப் பறவைகளைக் கிட்டத்தட்ட துடைச்செடுத்துடுச்சு. அது தெரிஞ்சவன் செருப்பைக் கழுவத் தயங்க மாட்டான்.

தடுப்பூசி? கடைசிப் பக்கத்துல ஒரே ஒரு வரி. பரிந்துரைக்கப்படுகிறது, உங்கள் மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும். அவ்வளவுதான்.

அதாவது, பறவைக்கும் செடிக்கும் கட்டாயம். அந்தத் தீவுல வாழுற மனுஷனுக்கு மட்டும் பரிந்துரை.

இந்த மாதிரி கம்பெனிகளோட விளம்பரப் புத்தகத்தைப் புரட்டினா திரும்பத் திரும்ப ஒரே சொல் வரும். "தீண்டப்படாத" தீவுகள். வெளியுலகம் தொடாத மக்கள். எனக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வருது. (தமிழ்ல அது எப்படி ஒலிக்குதுன்றது வேற கதை.) அந்தத் தீவுகளை வெளியுலகம் தொட்டாச்சு. நல்லாவே தொட்டாச்சு. தொட்ட கை கப்பல்லதான் வந்துச்சு.

1875 ஜனவரி. பிரிட்டன் ஃபிஜியைத் தன் குடியேற்ற நாடா ஆக்கி மூணு மாசம் ஆகுது. மன்னர் தாக்கொம்பாவ் சிட்னிக்கு விருந்தாளியா போயிட்டு, டைடோன்ற போர்க்கப்பல்ல ஊர் திரும்புறார். சிட்னியில அவருக்குத் தட்டம்மை வந்து சரியாயிடுச்சு. கூடப் போன மகன்களுக்குக் கப்பல்ல வந்துச்சு. கப்பலைத் தனிமைப்படுத்தல. இறங்கினாங்க, சொந்தபந்தம் எல்லாம் வந்து பார்த்தாங்க. அப்புறம் பல தீவுகளோட தலைவர்கள் கூடின பெரிய கூட்டம் நடந்துச்சு. கூட்டம் முடிஞ்சு ஆளாளுக்கு அவங்கவங்க ஊருக்கு நோயோட போனாங்க. சில மாசத்துல சுமார் 40,000 பேர் செத்துப் போனதா மதிப்பீடு. மொத்த ஜனத்தொகையே ஒன்றரை லட்சம் அளவுதான்.

இதுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கு. இப்படிக் குறைஞ்சு போன ஃபிஜி மக்களைத் தோட்ட வேலைக்கு இழுக்கக் கூடாதுன்னுதான் ஆளுநர் ஆர்தர் கார்டன் இந்தியாவுலருந்து கூலி ஆட்களைக் கொண்டுவரத் திட்டம் போட்டார். 1879ல வந்த முதல் கப்பல் லியோனிடாஸ். அதுல காலராவும் பெரியம்மையும் இருந்துச்சு. இந்தத் தடவை யாரையும் ஊருக்குள்ள விடல. ஒரு குட்டித் தீவுல இறக்கிக் காவல் போட்டாங்க. நோய் ஃபிஜிக்குள்ள போகல. நாலு வருஷத்துக்கு முன்னாடி அதே புத்தி இருந்திருந்தா? 1903லருந்து மெட்ராஸ்லயும் ஆள் ஏத்தினாங்க. பாரதி பாடின கரும்புத் தோட்டம் அதுதான். அந்தக் கதையோட முன்கதையில ஒரு தட்டம்மைக் கப்பல் நிக்குது.

இப்ப வனுவாட்டு. அதோட தென்கோடியில அனைட்டியம்னு ஒரு தீவு. பக்கத்துல ஆள் குடியிருக்காத ஒரு குட்டி மணல்திட்டு. கப்பல்காரங்க அதுக்கு வச்ச பேர் "மர்மத் தீவு". பெரிய சொகுசுக் கப்பல்கள் நிக்கிற புகழ்பெற்ற இடம். வெள்ளை மணல், நீலத் தண்ணி. அனைட்டியத்துக்கு 1861ல தட்டம்மை வந்துச்சு. சந்தன மரம் தேடி வந்த வியாபாரக் கப்பல்களோட வந்தது. ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு ஜனம் போச்சு. 19ஆம் நூற்றாண்டோட நடுவுல மூவாயிரத்துக்கு மேல இருந்த மக்கள்தொகை, அடுத்தடுத்து வந்த நோய்களால 1930கள்ல சில நூறாகிப் போச்சு. மர்மம்னா இதைத்தான் சொல்லணும். ஆனா அந்தக் கரையில இதைச் சொல்ற பலகை வச்சா ஸ்நார்க்கலிங் மூட் கெட்டுடும்.

சமோவா கதை பல பேருக்குத் தெரியும், அதனால சுருக்கமா. 1918 நவம்பர் 7, ஆக்லாந்துலருந்து டலூன்ன்ற கப்பல் ஃப்ளூ நோயாளிகளோட ஆப்பியா துறைமுகத்துக்கு வந்துச்சு, அனுமதிச்சாங்க. மேற்கு சமோவாவுல அஞ்சுல ஒருத்தருக்கு மேல செத்தாங்க. பக்கத்துல அமெரிக்க சமோவா. அதே இனம், அதே மொழி. அங்க ஆளுநர் ஜான் போயர் கப்பல்களைத் தடுத்தார். ஒரு சாவுகூட இல்லை. 2002ல நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் நேர்ல போய் மன்னிப்புக் கேட்டார்.

"டாக்டர், அதெல்லாம் அந்தக் காலம். இப்பதான் தடுப்பூசி இருக்கே?"

2019 அந்தக் காலமா? அதே சமோவா, தட்டம்மை. 5,700 பேருக்கு மேல நோய், 83 சாவு. பெரும்பாலும் அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க. முந்தின வருஷம் ரெண்டு குழந்தைங்க தடுப்பூசி போட்டதும் இறந்தாங்க. காரணம் மருந்து இல்லை, அதைக் கலக்கத் தண்ணிக்குப் பதிலா காலாவதியான தசைத் தளர்ச்சி மருந்தைச் சேர்த்த நர்ஸுங்களோட தவறு. ஜனம் பயந்து போச்சு, தடுப்பூசி போட்ட விகிதம் 31 சதவீதம் அளவுக்கு விழுந்துச்சு. அப்பதான் வெளியிலருந்து நோய் வந்து இறங்குச்சு. தடுப்பூசி போடாதவங்க இருக்கிற வீடுகள்ல அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டச் சொன்னாங்க. நர்ஸுங்க அந்தத் துணியைப் பார்த்துப் பார்த்து வீடு வீடா ஏறினாங்க. அந்தப் படங்களைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. (அது கப்பல்ல வந்த நோய் இல்லை, விமானத்துல வந்தது. நேர்மையா சொல்லிடறேன்.)

பப்புவா நியூ கினியில இன்னிக்கும் பாதிக் குழந்தைங்க அளவுக்குத்தான் தட்டம்மைத் தடுப்பூசி போய்ச் சேருது. நம்ம பேஷன்ட்டோட கப்பல் முதல்ல நிக்கிற நாடு அதுதான்.

தீவுக்கு மட்டும் ஏன் இந்தக் கஷ்டம்? தட்டம்மை ஒரு ஊர்ல நிரந்தரமா குடியிருக்கணும்னா தொடர்ந்து புதுக் குழந்தைங்க பிறந்துட்டே இருக்கணும். ஃபிரான்சிஸ் பிளாக்ன்ற ஆய்வாளர் 1966ல உலகத்துத் தீவுகளோட கணக்கை எல்லாம் எடுத்துப் பார்த்து, அதுக்கு ஏறக்குறைய அஞ்சு லட்சம் ஜனம் வேணும்னு காட்டினார். ஆயிரம் பேர் இருக்கிற தீவுல நோய் வந்த வேகத்துல எரிஞ்சு அணைஞ்சுடும். அப்புறம் பல வருஷம் வராது. திரும்ப வர்றப்போ எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒரு தலைமுறையே காத்திட்டிருக்கும். வீட்ல அம்மா, அப்பா, குழந்தை மூணு பேரும் ஒரே வாரத்துல படுத்தா கஞ்சி வச்சுக் கொடுக்க யார் இருக்கா? ஃபிஜியில நோயால மட்டும் இல்ல, பார்த்துக்க ஆளில்லாமலும் செத்தாங்க.

இப்ப கப்பல் கணக்குக்கு வாங்க. தட்டம்மைக் கிருமி உள்ள போனதுலருந்து தடிப்பு வெளியில தெரிய சுமார் 14 நாள். தடிப்பு வர்றதுக்கு நாலு நாள் முன்னாடியே மத்தவங்களுக்குப் பரப்ப ஆரம்பிச்சிடுவீங்க. அந்த நாலு நாளும் உங்களுக்கு இருக்கிறது வெறும் காய்ச்சல், சளி, இருமல், கண் சிவப்பு. ஏசி ஒத்துக்கலன்னு நினைப்பீங்க. வர்ற வழியில ஏர்போர்ட்ல ஒட்டினா, ரெண்டு வாரப் பயணத்தோட கடைசி மூணு நாலு தீவுகள்ல நீங்க இறங்குறப்போ உச்சத்துல இருப்பீங்க. கரையில குழந்தைங்க ஓடிவந்து கையைப் பிடிக்கும். பள்ளிக்கூடத்துல பாட்டுப் பாடி வரவேற்பாங்க, நீங்க பென்சில் கொடுப்பீங்க. தடிப்பு வர்றது வீட்டுக்குப் போனப்புறம். அந்தப் பள்ளிக்கூடத்துல அடுத்த மாசம் என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. ஆல்பத்துல எல்லாரும் சிரிச்சிட்டேதான் இருப்பாங்க.

"சின்னக் கப்பல், நூறு பேர்தானே, எல்லாரும் வசதியானவங்க." இந்த வசதியானவங்க வாதத்துக்குப் பதில் சொல்ல எனக்கு மரியாதையான சொல் கிடைக்கல, விட்டுடறேன். சின்னக் கப்பல்ன்றதுக்குப் பதில் இருக்கு. 2020 மார்ச், கிரெக் மார்ட்டிமர்ன்ற கப்பல். இது அன்டார்டிகா பக்கம் போனது, ஆனா அதே ரகம்தான். மொத்தம் 217 பேர். ஏறுறதுக்கு முன்னாடி காய்ச்சல் பார்த்துத்தான் ஏத்தினாங்க. எட்டாவது நாள் முதல் காய்ச்சல். கடைசியில 128 பேருக்கு கோவிட், அதுல 81 சதவீதம் பேருக்கு ஒரு அறிகுறியும் கிடையாது. நெத்தியில காட்டுற துப்பாக்கி எதையும் தடுக்காதுன்னு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு.

எனக்கு உண்மையிலேயே கோபம் வர்ற இடம் பணம் சார்ந்தது. கப்பல் ஏறுற அன்னிக்குக் காலையில தொண்டை கரகரன்னு இருக்கு. கேள்வித்தாள் கொடுக்கிறாங்க: காய்ச்சல் இருமல் உண்டா? ஆமான்னு எழுதினா ஏத்த மாட்டாங்க. பத்து லட்சம் கடைசி நேரத்துல திரும்பி வராது, பாலிசியில பொடி எழுத்துல போட்டிருக்கான். நீங்க என்ன எழுதுவீங்க? நானே என்ன எழுதுவேன்னு எனக்குச் சந்தேகம். பாராசிட்டமால் ஒண்ணு போட்டுட்டு "இல்லை"ன்னு எழுதுவோம். பொய் சொல்றவனுக்குப் பயணமும் உண்மை சொல்றவனுக்கு நஷ்டமும் கொடுக்கிற கேள்வித்தாள் எதுக்கு? சும்மா சட்டப் பாதுகாப்புக்கு.

மறுபக்கமும் இருக்கு. போன வருஷம் இதையே ஒரு கூட்டத்துல பேசினப்போ ஒருத்தர் சரியா மடக்கினார்: "அந்த மக்களை மியூசியத்துல பூட்டி வைக்கச் சொல்றீங்களா டாக்டர்? பாய் முடையறவங்களுக்கும் மரம் செதுக்கறவங்களுக்கும் வருஷத்துக்கு நாலு கப்பல்தான் ரொக்க வருமானம்." நியாயமான கேள்வி. பூட்டச் சொல்லல. அவங்க கப்பலை வரவேற்கிறாங்கன்னா அது அவங்க முடிவு. ஆனா வர்றவன் என்ன கொண்டு வர்றான்னு தெரியாம எடுக்கிற முடிவை முடிவுன்னு சொல்ல முடியுமா? ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்குறப்போ ஆபத்தைச் சொல்லாம வாங்கினா என்னைக் கோர்ட்டுக்கு இழுப்பீங்க இல்ல?

செய்ய முடியாததையா கேட்கிறேன்? தட்டம்மைக்கு எம்எம்ஆர் ரெண்டு டோஸ் அல்லது ரத்தப் பரிசோதனையில எதிர்ப்புச் சக்தி இருக்குன்ற சான்று, அந்த வருஷத்து ஃப்ளூ ஊசி. பயணிக்கும் ஊழியருக்கும் சேர்த்துத்தான். ஊழியர்கள் பல நாட்டுக்காரங்க, ஒவ்வொரு பயணத்துலயும் அதே தீவுகள்ல இறங்கறவங்க. உடம்பு சரியில்லைன்னு உண்மையைச் சொல்றவருக்கு முழுப் பணமும் திரும்பணும், இல்லைன்னா அடுத்த கப்பல்ல இடம். மஞ்சள் காய்ச்சலுக்கு அட்டை இல்லாம பல நாட்டுக்குள்ள நுழையவே முடியாது, அதுக்கு எல்லாரும் வாயை மூடிட்டு ஊசி போட்டுக்கிறாங்களே.

நம்ம ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. சக டாக்டர்களே, ஃபிட்னஸ் ஃபார்ம் வந்தா ஈசிஜி பார்த்து, பிபி பார்த்து, முத்திரை குத்தி அனுப்பிடறோம். எதிர்ல உட்கார்ந்திருக்கிறவர் மட்டும்தான் நம்ம பேஷன்ட்னு நினைப்பு. நானும் வருஷக்கணக்கா அப்படித்தான் குத்தினேன்.

நம்ம பேஷன்ட்டுக்கு வருவோம். அவர் தலைமுறைக்கு மணல்வாரி சின்ன வயசுலயே வந்து போயிருக்கும், தட்டம்மைல அவரால ஆபத்து கம்மி. ஃப்ளூ ஊசி அன்னிக்கே போட்டேன். அப்புறம் கேட்டேன், கூட யார் யார் வர்றாங்க? மகன், மருமகள், எட்டு வயசுப் பேரன். பேரனுக்கு ரெண்டு டோஸும் ஆயிருக்கு. மகனுக்கு அட்டை இருக்கு. மருமகள் இங்க பிறந்து வளர்ந்தவங்க, ஒரு டோஸ்தான் ஞாபகம், அட்டை இல்லை. கர்ப்பம் இல்லைன்னு உறுதி பண்ணிக்கிட்டு ஒண்ணு போடச் சொன்னேன், 28 நாள் கழிச்சு இன்னொண்ணு. உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி, அதனால கர்ப்பிணிகளுக்குப் போடக் கூடாது. தேதி எண்ணிப் பார்த்தா கப்பல் ஏற சரியா அஞ்சு வாரம் இருந்துச்சு.

அந்த மகன் கம்பெனிக்கு மெயில் போட்டாராம், மத்த பயணிகளுக்கும் இதைக் கட்டாயமாக்கினா என்னன்னு. ரெண்டு நாள்ல பதில் வந்திருக்கு. தங்கள் அக்கறைக்கு நன்றி, எங்கள் விருந்தினர்களின் தனியுரிமையை மதிக்கிறோம். கூடவே காலணி சுத்தம் பண்ற வீடியோவோட லிங்க்.