டயர் சத்தத்தைக் கதவில் அடைக்காதீர்கள், டயரிலேயே குறையுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பிளஸ் டூவில் என் இயற்பியல் பீரியடைத் தாக்குப்பிடித்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும் பழைய மாணவர்களில் பலர் இப்போது பெரிய கார்களில் வருகிறார்கள். சந்தோஷம். ஆனால் காபி ஆறுவதற்குள் எல்லாரும் ஒரே கேள்விக்கு வந்துவிடுகிறார்கள். "சார், இன்ஜின் ஓடுறதே தெரியல. ஆனா எண்பது தாண்டினா கீழ இருந்து 'ஊ'ன்னு ஒரு இரைச்சல். கதவு, தரை எல்லாத்தையும் கழட்டி ஷீட் ஒட்டினா போயிரும்ங்கான். ஒட்டலாமா?" மருமகன் முறை ஒருவர் கேட்கவே இல்லை, ஒட்டிவிட்டே வந்தார். "மாமா, கண்ணாடிய ஏத்திட்டா வெளிய என்ன நடக்குன்னே தெரியாது பாத்துக்கோங்க" என்று பெருமை வேறு.

வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாமலிருப்பது எப்போது வசதி ஆனது? எனக்குள்ள சண்டை அதோடுதான். ஷீட் ஒட்டுவதோடு அல்ல.

முதலில் அந்த 'ஊ' எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பழைய அம்பாசடரில் டயர் சத்தத்தைப் பற்றி யாராவது புகார் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இன்ஜின், கியர், கதவு, சீட் ஸ்பிரிங் என்று எல்லாமே பாடிக்கொண்டிருந்ததால் டயரின் குரல் எடுபடவில்லை. இன்ஜினை அமைதியாக்க அமைதியாக்க, அதுவரை அமுங்கிக் கிடந்த டயர் சத்தம் மேலே வந்தது. எலக்ட்ரிக் காரில் இன்ஜினே இல்லை, கேட்கவே வேண்டாம். சாதாரணக் காரிலும் ஏறக்குறைய 40, 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் டயர்தான் இன்ஜினைவிட அதிகம் சத்தம் போடுகிறது.

டயரின் ரப்பர் கட்டைகள் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சாலையில் அறைகின்றன. இடையிலுள்ள பள்ளங்களில் சிக்கிய காற்று நசுங்கிப் பீறிட்டு வெளியே வருகிறது. டயரும் சாலையும் சேரும் இடம் ஒலிபெருக்கியின் வாய் போல விரிந்திருப்பதால், அந்தச் சத்தம் இன்னும் பெருகுகிறது. கட்டைகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால் ஒரே சுருதியில் ஊளையிடும் என்பதற்காகத்தான் டயர் செய்பவர்கள் அளவுகளை வேண்டுமென்றே மாற்றி மாற்றி வைக்கிறார்கள். அடுத்த முறை டயரைக் கூர்ந்து பாருங்கள், தெரியும்.

இதற்கும் மேல் ஒன்று இருக்கிறது. ஒத்ததிர்வுக் குழாயில் தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கி, இசைக்கவையைத் தட்டிப் பிடித்தது ஞாபகம் இருக்கிறதா? சரியான உயரம் வந்ததும் குழாய் 'ம்ம்' என்று பாடும். டயருக்குள் இருக்கும் காற்றும் வட்டமாக வளைந்த ஒரு காற்றுத் தம்பம்தான். அதன் நடுச் சுற்றளவு சுமார் 1.7 மீட்டர் என்று வையுங்கள். ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர். வகுத்துப் பாருங்கள், 200 ஹெர்ட்ஸ். குண்டு குழியில் ஏறி இறங்கும்போது பெரிய கார்களில் கேட்கும் அந்த உலோக ரீங்காரம் பெரும்பாலும் இதுதான். இதற்கென்றே உள்பக்கம் பஞ்சு ஒட்டிய டயர்கள் வந்திருக்கின்றன. அவை இந்த ஒரு ரீங்காரத்தைக் குறைக்கும். பஞ்சர் ஆனால், பஞ்சை வெட்டி எடுத்துத் திரும்ப ஒட்டத் தெரிந்தவரைத் தேட வேண்டியிருக்கும், அது வேறு கதை.

இந்த அதிர்வு சக்கரம், அச்சு, சஸ்பென்ஷன், பாடி என்று இரும்பு வழியாகவே உங்கள் சீட்டுக்கு வருகிறது. சுமார் 400, 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் இந்த வழிதான். அதற்கு மேற்பட்டது காற்று வழியாகக் கண்ணாடியிலும் கதவு இடுக்கிலும் நுழைகிறது. கதவில் ஒட்டும் பியூட்டைல் ஷீட் என்ன செய்கிறது? தகடு அதிராமல் பார்த்துக்கொள்கிறது. தட்டினால் 'டண்' என்றது 'டொப்' என்று ஆகும். கடைக்காரர் அதைத் தட்டிக் காட்டித்தான் விற்கிறார். ஆனால் அச்சு வழியாக ஏறி வரும் உறுமலுக்கும் கதவுத் தகட்டுக்கும் என்ன சம்பந்தம்? காற்று வழியாக வருவதைத் தடுக்க வேண்டுமானால் எடையைக் கூட்ட வேண்டும். எடையை இரண்டு மடங்காக்கினால் சுமார் 6 டெசிபல் குறையும், அவ்வளவுதான். நூறில் ஒரு பங்கு பரப்பு திறந்திருந்தாலே போதும், சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றவர்களுக்கு இடுக்கில் காற்று என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக, ஷீட்டுக்கு முன்னால் கதவு பீடிங்கைப் பாருங்கள். சில நூறு ரூபாய் வேலை.

இதை விட்டுவிட்டு நம் ஆட்கள் செய்வது என்ன? கம்பெனி கொடுத்த 17 அங்குலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு 19 அங்குல அலாய் வீல். டயரின் பக்கச்சுவர் இரண்டு விரல் அளவுக்குச் சுருங்கிவிடும், அகலமும் கூடிவிடும். அதிர்ச்சியைத் தாங்க வேண்டிய ரப்பரைக் குறைத்துவிட்டு, வண்டிக்குள் சத்தம் வருகிறது என்று ஷீட் ஒட்டுகிறோம். இடது கையால் உப்பைக் கொட்டிவிட்டு வலது கையால் தண்ணீர் ஊற்றுவது. பஞ்சரானாலும் ஓடும் டயர் வைத்த வண்டிகள் இன்னும் மோசம், அவற்றின் பக்கச்சுவர் பலகை போல இருக்கும். பங்கில் 33 போட வேண்டிய இடத்தில் 40 பிடித்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. நைட்ரஜன் பிடித்தால் சத்தம் குறையும் என்று ஒரு கடையில் என்னிடமே சொன்னார்கள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தானே தம்பி என்றேன். சிரித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

உலகத்தில் இதன் உச்சம் ரோல்ஸ் ராய்ஸ். 60 மைல் வேகத்தில் காருக்குள் பெரிய சத்தம் கடிகாரத்துடையதுதான் என்று 1958-இல் விளம்பரம் செய்தவர்கள். 2020-இல் வந்த கோஸ்ட் காரில் ஒலி தடுக்கும் பொருள் மட்டுமே 100 கிலோவுக்கு மேல். முடித்துப் பார்த்தால், அந்த நிசப்தத்தில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு மாதிரி நிலைதடுமாறியதாம். அதனால் மெல்லிய முணுமுணுப்பு ஒன்றை அவர்களே திரும்பச் சேர்த்தார்கள். ஒரு மனிதரையும் அவர் டிரைவரையும் அமைதியாகக் கொண்டுபோக 100 கிலோ சுமை! அந்தச் சுமையும் சேர்ந்து டயரில்தான் அழுந்துகிறது. எதிர் ஒலியை ஸ்பீக்கரில் அனுப்பி இரைச்சலை ரத்து செய்யும் ஏற்பாடும் வந்துவிட்டது. தாழ்ந்த சுருதிக்கு அது வேலை செய்யும், 100 ஹெர்ட்ஸில் அலைநீளம் 3.4 மீட்டர். 1000 ஹெர்ட்ஸில் 34 சென்டிமீட்டர்தான். தலையைக் கொஞ்சம் திருப்பினாலே கணக்குத் தப்பிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விஷயம் இருக்கிறது. ஷீட், இரட்டைக் கண்ணாடி, பஞ்சு, எதிர் ஒலி, இவற்றால் காருக்கு வெளியே குறிப்பிடும்படியாக எதுவும் குறைவதில்லை. சாலையோரத்தில் நிற்பவருக்கு உங்கள் கார் அதே சத்தம்தான்.

அந்த ஓரத்தில் யார் இருக்கிறார்கள்? நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லை–தென்காசி சாலை நான்கு வழியானது. ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகப் போகிறவர்களுக்கு நேரம் மிச்சம், மறுக்கவில்லை. மரங்கள் போயின. ஒற்றை வரிசை மரம் சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், நிழலுக்காகத்தான் எனக்கு வருத்தம். ஆனால் வேகம் கூடியது. வேகம் இரண்டு மடங்கானால் டயர் சத்தம் 9 முதல் 12 டெசிபல் வரை கூடும். 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு ஆற்றல், காதுக்கு இரண்டு மடங்கு சத்தம். சாலையோரத்தில் வீடு, டீக்கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

பள்ளிக்கூடம் என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் பாடம் எடுத்த வகுப்புகளில் ஒன்று ரோட்டைப் பார்த்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசினால் கடைசி பெஞ்சுக்கு எட்டாது. ஜன்னலைச் சாத்தினால் வேர்த்து வழியும், திறந்தால் லாரியும் பஸ்ஸும். சமன்பாட்டின் நடுவில் நிறுத்தி, வண்டி போன பிறகு தொடர்வேன். ஒரு பீரியடில் எத்தனை நிமிடம் அப்படிப் போயிருக்கும்! உங்களில் சிலர் அந்த ஜன்னல் பெஞ்சில் இருந்தவர்கள்தான். "சார், திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்டவர்கள் பிழைத்தார்கள். கேட்கக் கூச்சப்பட்டவர்களும் இருந்தார்கள். இன்று அதே சாலையில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நூறில் போகிறவர்களிலும் அந்த பெஞ்ச்காரர்கள் உண்டு. எனக்கு வலிப்பது அங்கேதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல். பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம் என்று அறிவித்தால் பகலில் 50, இரவில் 40. ஐரோப்பாவில் 2012 முதல் விற்கும் ஒவ்வொரு டயரின் லேபிளிலும் வெளிச்சத்தம் எத்தனை டெசிபல் என்று போட்டிருக்கிறது. இன்ஜினை அணைத்து, 80 கிலோமீட்டர் வேகத்தில் உருளவிட்டு, 7.5 மீட்டர் தூரத்தில் அளந்த எண் அது. கார் டயர்களுக்குப் பெரும்பாலும் 67 முதல் 75 வரை. அது வண்டி கடக்கும் நேரத்து உச்சம், இது சராசரி, இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது என்று உங்களில் யாராவது மடக்குவீர்கள். சரிதான். ஆனால் வண்டி நில்லாமல் வந்துகொண்டே இருக்கும் சாலையில் சராசரியும் உச்சத்தை நோக்கித்தானே நகரும்?

இந்தியாவிலும் ஏ.ஐ.எஸ். 142 என்ற தரம் வந்துவிட்டது. டயர் உருளும் சத்தத்துக்கு வரம்பு வைத்து மத்திய அரசு 2022-இல் அறிவித்தது. நல்லது. ஆனால் அது பாஸ், ஃபெயில் கணக்கு. பாஸானவற்றில் எது 68, எது 72 என்று நான் கேட்ட எந்தக் கடையிலும் சொல்ல ஆள் இல்லை. மைலேஜையும் விலையையும்தான் சொன்னார்கள். கோடி ரூபாய்க்குக் கார் வாங்குகிறவர் அந்த எண்ணைக் கேட்டு அடம்பிடித்தால் கடைக்காரர் கம்பெனியைக் கேட்பார். நானும் என் பழைய ஸ்கூட்டரும் கேட்டால் யார் மதிப்பார்கள்?

சாலைக்கும் பங்குண்டு. குறுக்கே கோடு கீறிய சிமெண்ட் சாலை பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். நெதர்லாந்தில் பெரும்பாலான விரைவுச் சாலைகளில் நுண்துளை உள்ள தார் போட்டிருக்கிறார்கள். காற்று அந்தத் துளைகளில் இறங்கிவிடுவதால் பீறிடும் சத்தம் குறைகிறது, மழைத் தண்ணீரும் வடிகிறது. நம் ஊர் மண்ணுக்கும் புழுதிக்கும் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்பது உண்மை. சாரல் அடிக்கும் பூமியில், பள்ளிக்கு முன்னால் அரை கிலோமீட்டராவது போட்டுப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? இப்போது அங்கே போடுவது வரிசையாகத் தடித்த வெள்ளைப் பட்டைகள். ஒவ்வொரு வண்டியும் அதில் தடதடவென்று ஏறி, பக்கத்து வீட்டுக் குழந்தையை ராத்திரி முழுக்க எழுப்புகிறது.

"புளியரை வழியா கேரளாவுக்குப் போற லாரிய விட்டுட்டு எங்க கார்ல வந்து நிக்கிறீங்களே சார்" என்று ஒருவர் வாதாடினார். லாரி ஒவ்வொன்றும் காரைவிடச் சத்தம்தான், எஸ் வளைவில் ஏறும்போது இன்ஜினும் அலறும். அதற்கும் வரம்பு வேண்டும். ஆனால் சீசனில் சனி, ஞாயிறு எண்ணிப் பாருங்கள், லாரி அதிகமா கார் அதிகமா என்று. ஒவ்வொரு காரும் 3 டெசிபல் குறைந்தால், காரோசையைப் பொறுத்தவரை சாலையில் பாதிக் கார்களை எடுத்துவிட்டதற்குச் சமம். 100-லிருந்து 70-க்கு வந்தாலே சுமார் 5 டெசிபல் குறையும். காசும் செலவில்லை. குற்றாலம் ஊருக்குள் டயரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஊர்ந்து போகும் வேகத்தில் அங்கே எதிரி ஹாரன்தான்.

இன்னொன்றும் உண்டு. சத்தம் குறைந்தால் ஓட்டுபவர் தன் வேகத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார், ஆய்வுகளில் கண்டதுதான். அமைதியான காரில் 100 என்பது 70 மாதிரி இருக்கும். பின்னால் வரும் ஆம்புலன்ஸும் தாமதமாகக் கேட்கும்.

ஆகவே ஒட்டலாமா என்று கேட்டவர்களுக்கு வரிசை இது. டிரைவர் கதவை ஒட்டிய தூணில் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்று, டயர் குளிர்ந்திருக்கும்போது. டயர் மீது கையை முன்னும் பின்னும் ஓட்டுங்கள், ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பம் போலவும் இருந்தால் தேய்மானம் கோணல், வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். திரும்பும்போது மட்டும் உறுமல் கூடினாலோ குறைந்தாலோ அது பேரிங்காக இருக்கலாம், அதற்கு ஷீட் ஒட்டினால் ஆபத்து. ஐந்தாறு வருடமான டயர் பட்டன் இருந்தாலும் கல்லாகியிருக்கும். மாற்றும்போது கம்பெனி அளவே போதும், பெரிதாக்க வேண்டாம், சத்தம் குறைந்த ரகம் எது என்று கேளுங்கள். பிறகு பீடிங். இத்தனைக்கும் பிறகு இரைச்சல் இருந்தால், சக்கரத்துக்கு மேலுள்ள வளைவிலும் தரையிலும் ஷீட் ஒட்டிக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

சாரலுக்கு வருகிறவர்கள் பாவூர்சத்திரம் வரும்போது ஒரு நிமிடம் நான்கு கண்ணாடியையும் இறக்கி, உங்கள் வண்டி போடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்து எத்தனை வேகத்தில் எப்படிக் கேட்டது என்று சொல்ல வேண்டும், காபி அதற்கப்புறம்தான்.