வாஸ்து புருஷனும் வடகிழக்குப் பருவமழையும்

நமது நாட்டில் ஒரு குடும்பஸ்தன் வீடு கட்டுவது என்பது அவன் ஆயுளிலேயே ஒரு தடவை செய்யக்கூடிய காரியமாயிருக்கிறது. பெண்டாட்டியின் நகை, தகப்பன் விட்டுப்போன அரைக்காணி, நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கின கடன் எல்லாவற்றையும் அதில் கொண்டுபோய்க் கொட்டுகின்றான். அப்பேர்ப்பட்ட காரியத்திற்கு நாள் பார்க்கிறார்கள், நட்சத்திரம் பார்க்கிறார்கள், பல்லி சொல்லுவதைக்கூடக் கேட்கிறார்கள். வானத்தை மாத்திரம் யாரும் பார்ப்பதில்லை. அஸ்திவாரத்திற்கு வெட்டுகிற பள்ளத்திற்கே கொத்தனார்கள் "வானம்" என்று பெயர் சொல்லுகிறார்களே, அந்தப் பெயரைக் கேட்டாவது ஒரு தடவை தலையை நிமிர்த்திப் பார்க்கக்கூடாதா என்று கேட்கின்றோம்.

கடலூர்ப் பக்கத்தில் சிறு கடை வைத்திருக்கும் நமது நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்லுகின்றோம். ஜோதிடர் அவருக்குக் கார்த்திகை 8-ந் தேதியைக் குறித்துக் கொடுத்தார். அன்றைக்கே மனை முழுவதற்கும் வானம் தோண்டியாயிற்று. நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. பள்ளம் குளமாயிற்று; கரை சரிந்து உள்ளே விழுந்தது; வெறுந்தரையில் அடுக்கித் தார்ப்பாய் போட்டிருந்த சிமெண்டில் ஒரு டஜன் மூட்டை கல்லாய்ப் போய்விட்டது. வேலை நின்றது, வட்டி நிற்கவில்லை, குடியிருந்த வீட்டின் வாடகையும் நிற்கவில்லை. இதெல்லாம் போகட்டும். ஆவணியில் கலியாணமாகி அந்த வீட்டுக்கு வந்த மருமகளைப் பார்த்து, "இவள் காலடி வைத்த ராசி" என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். அதே ஜோதிடர் வந்து, அந்தப் பெண்ணின் ஜாதகத்தை வாங்கிப் பார்த்து, ஒரு பரிகாரமும் சொல்லி, தட்சணையும் வாங்கிக்கொண்டு போனார். நாள் குறித்தவர் அவர். பழி சுமந்தவள் அந்தப் பெண்!

இந்த நாள் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விசாரிப்போம். வருஷத்தில் எட்டு நாள்தான் வாஸ்து புருஷன் கண் விழிக்கிறார் என்று பஞ்சாங்கம் சொல்லுகிறது. சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. விழித்திருப்பதும் மூன்றே முக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரம். அதற்குள் அவர் பல் துலக்கி, குளித்து, பூசை செய்து, சாப்பிட்டு, வெற்றிலையும் போட்டாக வேண்டும். சாப்பிடும்போதும் வெற்றிலை போடும்போதும் மண்வெட்டியை வைத்தால் நல்லதாம். பிறகு தூங்கிவிடுகிறார். ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி நான்கு மாதமும் எழுந்திருப்பதே கிடையாது. இதிலும் ஒரு வேடிக்கை: பஞ்சாங்கத்திலேயே ஆடி 11 இருக்க, "ஆடி ஆகாது" என்று அதே பஞ்சாங்கக்காரர்கள் அதை ஒதுக்கிவிடுகிறார்கள்.

இனி மழையின் கணக்கைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20-ந் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. ஐப்பசி 11 என்பது அக்டோபர் கடைசி வாரம். கார்த்திகை 8 என்பது நவம்பர் 24-ஐ ஒட்டியது. சென்னையில் ஒரு வருஷத்தில் பெய்கிற ஏறக்குறைய 140 சென்டிமீட்டர் மழையில் பாதிக்குமேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பர் முதல் தேதியிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர், அதாவது மூன்றடிக்குமேல்! நாம் தோண்டுகிற வானத்தின் ஆழமே அநேக வீடுகளில் மூன்றடி நாலடிதானே? மழைத்துளி இல்லாத பங்குனியில் தூங்கிவிட்டு, புயல் அடிக்கிற கார்த்திகையில் பல் துலக்க எழுந்திருக்கிறவரிடம் நாம் வேளை கேட்கலாமா?

தை 12-லும் மாசி 22-லும் தொடங்கினவர்கள் நன்றாய்த்தானே கட்டினார்கள் என்று சிலர் கேட்கக்கூடும். கட்டினார்கள், மெய்தான். மழை விட்டுப்போன காலம் என்பதால் கட்டினார்கள். தை 13-ல் தொடங்கியிருந்தாலும் அப்படியே கட்டியிருப்பார்கள்.

மழைக்காலத்தில் வேலையே செய்யக்கூடாது என்றும் நாம் சொல்லவில்லை. அன்றன்று எவ்வளவு தூரத்திற்கு அடிக் கான்கிரீட் போட முடியுமோ அவ்வளவு தூரமே தோண்ட வேண்டும். பள்ளத்தில் தண்ணீர் நின்றுவிட்டால் இறைத்துவிட்டால் போதாது. அடியில் ஊறின சேற்றைக் கெட்டித்தரை வரும்வரை வெட்டி எடுத்தாக வேண்டும். சேற்றின்மேல் போட்ட அஸ்திவாரம் பிற்பாடு இறங்கி, சுவரில் வெடிப்பு விடும். சிமெண்டு மூட்டையைப் பலகைமேல், சுவரைத் தொடாமல் அடுக்க வேண்டும். மணலிலோ ஒரு மோசம் இருக்கிறது. ஈர மணல் உப்பிக்கொள்ளும். கால்பங்குகூட அதிகமாகத் தோன்றும். யூனிட் ஒன்றுக்கு 100 கன அடி என்று அளந்து வாங்குகிறவன், மழைக்காலத்தில் காற்றுக்கும் பணம் கொடுக்கிறான். கான்கிரீட் கலக்கும்போது மழை விழுந்தால் தண்ணீர் மிஞ்சி வலிமை கெடும். ஆனால் போட்டு நன்றாய் இறுகின பிறகு பெய்கிற மழையைக் கண்டு அழ வேண்டியதில்லை. குறைந்தது ஏழு நாள் நாம் ஊற்ற வேண்டிய தண்ணீரை அது ஊற்றுகிறது. சித்திரை வெயிலில்தான் அந்த ஏழு நாளும் கண்விழித்துக் காக்க வேண்டியிருக்கும்.

நிற்க, மழையால் வேலை நின்ற நாட்களில் அந்த மனையில் நஷ்டப்பட்டவர் நமது நண்பர் ஒருவர் மாத்திரமல்ல. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அன்றைக்கு வேலையில்லை என்றால் அன்றைக்குக் கூலியில்லை. மழை பெய்தாலும் தட்சணை, பெய்யாவிட்டாலும் தட்சணை என்பது ஒருவருக்குத்தான் கிடைத்தது. பூமி பூசையன்று முன்வரிசையில் உட்கார்ந்தவரும் அவரே. மண் சுமக்க வந்த சித்தாள் பெண், மங்கல காரியத்தில் எதிரே வரக்கூடாத விதவை என்று தெருக்கோடியில் நிறுத்தப்பட்டாள்.

தையில் மறுபடி வானம் வெட்டினார்கள். நாம் பார்க்கப் போயிருந்தபோது அந்த மருமகள் நமக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மாமியார் காதில் விழும்படியாகவே, "ஏங்கய்யா, அந்த மழை எங்க மனையிலே மட்டுமா பேஞ்சுது? அடுத்த மனையிலேயும் குழி சரிஞ்சுதே, அங்க எந்த மருமக வந்தா?" என்று கேட்டாள். அடுத்த மனைக்காரருக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை. அவருக்கும் கார்த்திகை 8-ஐக் குறித்துக் கொடுத்தவர் அதே ஜோதிடர்தான்.