6 கலோரிப் பொடி, 400 கலோரி உபதேசம்

சென்ற இதழில் வந்த மாட்சா கட்டுரையின் கடைசிப் பெட்டியில் ஒரு செய்முறை இருக்கிறது. ஒரு சிறு கரண்டி மாட்சா பொடி, கால் லிட்டர் ஓட்ஸ் பால், இரண்டு மேசைக்கரண்டி தேன், ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய். மிக்சியில் அடித்து இருவேளை குடித்தால் தொப்பை கரையுமாம். கலோரிக் கணக்கு பார்ப்பது மேற்கத்தியப் பைத்தியமாம். பெட்டிக்கு மேலே ஒரு பத்தி முழுக்கக் கட்டுரையாளர் டீக்கடை டீயைத் திட்டித் தீர்த்திருக்கிறார்.

அந்தப் பைத்தியம் எனக்கு உண்டு. கணக்குப் போட்டேன். பொடி 2 கிராம், அதில் 6 கலோரி. கஃபேக்களில் நுரைக்க வாங்கும் ஓட்ஸ் பால் 100 மில்லிக்கு 60 வாக்கில் வரும். கால் லிட்டருக்கு 150. தேன் 42 கிராம், அதில் 128. தேங்காய் எண்ணெய் 120. ஆக, ஒரு டம்ளருக்கு 400க்கு மேல், இருவேளைக்கு 800. டீக்கடை டீயில் 100 மில்லி சமன்படுத்திய பாலும் இரண்டு கரண்டி சர்க்கரையும் போட்டாலும் 100 கலோரியை ஒட்டித்தான் நிற்கும். கட்டுரையாளர் பழித்த டீயை நான்கு முறை குடித்தால்தான் அவர் எழுதிக் கொடுத்த மருந்தின் ஒரு டம்ளரை எட்டிப் பிடிக்கலாம்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுமைகூலி முக்கால் பணத்தோடு நிற்காமல் அறுபது மடங்குக்கு மேல் போயிருக்கிறது.

இவ்வளவையும் கரைத்துவிடும் சக்தி பொடிக்கு உண்டு என்பதற்கு அவர் தரும் ஆதாரம் 137 என்ற எண். சாதாரண பச்சைத் தேநீரைவிட மாட்சாவில் 137 மடங்கு ஈஜிசிஜி என்ற தேயிலைச் சேர்மம் இருக்கிறதாம். இந்த எண் பிறந்த இடத்தை அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. 2003இல் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட கட்டுரை அது. ஒரு மாட்சாவை ஒரே ஒரு குறிப்பிட்ட வணிகப் பெயரில் விற்ற பச்சைத் தேயிலையோடு ஒப்பிட்டபோது கிடைத்த எண்தான் 137. அதே கட்டுரை, மற்ற பச்சைத் தேநீர்களில் பதிவான உச்ச அளவோடு ஒப்பிட்டால் குறைந்தது மூன்று மடங்கு என்றும் சொல்கிறது. மூன்றை விட்டுவிட்டு 137ஐத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். வகுப்பிலேயே மிகக் குள்ளமான பையனின் பக்கத்தில் நின்றுகொண்டு தன் உயரத்தை அளப்பது போன்ற வேலை.

இருக்கட்டும், ஈஜிசிஜி நிறையவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எவ்வளவு எரிக்கும்? கொழுப்பெரிப்புக் கதைக்கு அடிக்கடி காட்டப்படும் ஆய்வு, ஜெனீவாவில் 10 ஆண்களை வைத்து நடத்தி 1999இல் வெளியானது. அவர்களுக்குத் தந்தது தேநீரல்ல, பச்சைத் தேயிலைச் சாறும் காஃபினும் அடங்கிய கேப்சூல்கள். நாள் முழுவதற்கும் கூடுதலாகச் செலவானது 4 சதவீதம், அதாவது சுமார் 80 கலோரி. அந்தச் செய்முறையில் உள்ள தேனில் ஒன்றேகால் மேசைக்கரண்டியோடு அது தீர்ந்துபோகும். மிச்சத் தேன், எண்ணெய், பால் எல்லாம் எங்கே போகுமாம்? பச்சைத் தேயிலைத் தயாரிப்புகளைச் சோதித்த ஆய்வுகளை 2012இல் காக்ரேன் குழு திரட்டிப் பார்த்து, எடைக்குறைவு மிகச் சிறியது, மருத்துவ ரீதியில் பொருட்படுத்தத்தக்கதல்ல என்று எழுதியது. இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை.

அடுத்து ஜப்பானியர்கள் வருகிறார்கள். அவர்கள் நூற்றாண்டுகளாக மாட்சா குடிப்பதால் ஒல்லியாக இருக்கிறார்களாம். ஜப்பானிய வீடுகளில் அன்றாடம் புழங்கும் பச்சைத் தேநீர் பெரும்பாலும் செஞ்சா. இலையை வெந்நீரில் ஊறவைத்து வடிப்பது. மாட்சாவோ, அறுவடைக்குச் சுமார் மூன்று வாரம் முன்பே செடிக்கு நிழற்பந்தல் போட்டு, பறித்த இலையை ஆவியில் காட்டி உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, கல் திரிகையில் அரைக்கும் பண்டம். ஒரு திரிகை மணிக்கு 40 கிராம் போல அரைத்தால் அதிகம். தேநீர்ச் சடங்கில் அதை எப்படித் தருகிறார்கள்? 2 கிராம் பொடி, 70 மில்லி வெந்நீர், மூங்கில் துடைப்பத்தால் ஓர் அடி. அவ்வளவுதான். பாலில்லை, சர்க்கரையில்லை. இனிப்பு உண்டு, ஆனால் அது தனியாக, சின்னதாக, தேநீருக்கு முன்னால் வரும். மாட்சாவுக்குப் பெயர்போன உஜி ஊரின் பெயரைச் சொல்லித் தேனை ஊற்றச் சொல்பவர் இந்த வரிசையை ஒருமுறை பார்த்திருக்கலாம்.

தேனும் ஓட்ஸ் பாலும் இயற்கையானவை, அதனால் கணக்கில் சேராது என்கிறார். ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையில் 50 கலோரிக்குள். அதே கரண்டித் தேனில் 64. தேன் கனமானது, அதனால்தான். ஓட்ஸ் பாலில் மாவுச்சத்தை நொதியால் உடைக்கிறார்கள். அது மால்ட்டோஸாக மாறுவதால்தான் சர்க்கரை சேர்க்காமலே இனிக்கிறது. நுரைக்கும் வகையில் எண்ணெயும் கலந்திருக்கும். சமன்படுத்திய பாலும் 100 மில்லிக்கு 58 கலோரிதான். பாலை மாற்றியதில் மிச்சமானது கடைக்காரருக்கு மட்டும்.

உண்மையிலேயே கலோரி குறைய வேண்டுமென்றால் வழி இருக்கிறது, அதில் மாயம் ஒன்றுமில்லை. முதலில் கேட்க வேண்டியது, பொடி வெறும் பொடியா என்பது. அமெரிக்க ஸ்டார்பக்ஸில் 2025 ஜனவரி வரை பயன்பட்ட மாட்சா கலவையில் முதல் சேர்மானமே சர்க்கரை. அப்படிப்பட்ட பொடியை வாங்கிவிட்டு, "சிரப் வேண்டாம்" என்று சொல்லி என்ன பயன்? பிறகு பால். பொடியை வெந்நீரிலேயே அடித்துக் கரைத்து, மேலே 50 மில்லி சமன்படுத்திய பால் விட்டால் மொத்தம் 35 கலோரி. இனிப்பில்லாத பாதாம் பால் இன்னும் லேசு, 100 மில்லிக்கு 15 போல. நிறைகொழுப்புப் பாலில் பெரிய டம்ளர் கேட்டால் பாலே 250ஐத் தாண்டும். சிறிய டம்ளர் கேட்பதைவிட எளிய வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. மாலை வேளை டம்ளரை விட்டுவிடுவதும் நல்லது: 2 கிராம் பொடியில் 60 மில்லிகிராம் வாக்கில் காஃபின் இருக்கிறது, இரவெல்லாம் விட்டத்தைப் பார்க்க வைக்கும்.

வெந்நீரில் மட்டும் கரைத்தால் புல் வாசம் அடிக்கிறது, அதனால்தான் தேனும் பாலும் என்று கட்டுரையாளரே ஓரிடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறார். எனக்கு அந்த வாசம் பிடிக்கும். பிடிக்காதவர்கள் மேல் வழக்கில்லை. அவர்கள் தெருமுனைக் கடைக்குப் போய், "அண்ணே, ஒரு டீ, சர்க்கரை கம்மியா" என்று சொன்னால் போதும். மாஸ்டர் 80 கலோரிக்குள் முடித்துக் கொடுப்பார்.