ஊர்க் கணக்கில் கரைந்துபோகும் சேரி

மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு என்று ஒரு தடித்த புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு குடிக்கணக்கெடுப்புக்குப் பின்னாலும் அரசாங்கம் போடுவது. 2011-ஆம் வருசத்துக் கையேட்டில் தஞ்சாவூர் மாவட்டத்தை எடுத்து, பேராவூரணி வட்டத்தைப் புரட்டினால் வருவாய்க் கிராமம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஒரே ஒரு வரிதான். குடும்பம் எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை, ஆறு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகள் எத்தனை, எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை, பயிரிடுவோர், விவசாயக் கூலி, மற்றவர். நடுவில் ‘தாழ்த்தப்பட்டோர்’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் ஒரு எண். நாம் அங்கேதான் இருக்கிறோம்.

அந்த எண் நமது தலையை மட்டும் சொல்கிறது. அடுத்த கட்டத்துக்குப் போனதும் நாம் காணாமல் போய்விடுகிறோம். எழுத்தறிவு என்பது மொத்தக் கிராமத்தின் எழுத்தறிவு. கூலிக்காரர் என்பது மொத்தக் கிராமத்தின் கூலிக்காரர். ஊர் வேறு, சேரி வேறு என்று தண்ணீரில், தெருவில், சுடுகாட்டில், டீக்கடைக் குவளையில் பிரித்துப் பிரித்து வைத்திருப்பவர்கள், கணக்கு என்று வந்தால் மட்டும் ஒன்றாகக் கலந்து விடுகிறார்கள். சமபந்தி போஜனம் புள்ளிவிவரத்தில் மட்டும் நடக்கிறது.

இதில் என்ன போயிற்று என்று கேட்கலாம். ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வருவாய்க் கிராமத்தில் ஊரில் 800 பேர், சேரியில் 200 பேர் என்று வையுங்கள். ஊரில் 100-க்கு 85 பேர் படித்தவர், சேரியில் 100-க்கு 55 பேர்தான். கையேட்டில் என்ன வரும்? 100-க்கு 79. பார்க்கிற கலெக்டருக்கு நல்ல கிராமம். பரவாயில்லை, அடுத்த பக்கம். சேரியின் 55 எங்கே போனது என்று கேட்க நாதியில்லை, ஏனென்றால் அந்த எண் எந்தக் காகிதத்திலும் இல்லை. சேரியைச் சேரியாக எண்ணாதவரைக்கும் சேரியின் வறுமை ஊரின் வசதியால் மூடப்படும். நம்மைக் காட்டி ஊருக்கு ரோடு வாங்கிய கதை தஞ்சை மாவட்டத்தில் யாருக்கும் புதுசில்லை.

இதன் விளைவு ஏட்டோடு நிற்பதுமில்லை. 2009-10-இல் மத்திய அரசு ஆதர்ச கிராமத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. பாதிக்கு மேல் தாழ்த்தப்பட்டோர் வாழும் கிராமங்களுக்கு நிதி. நல்லதுதான். ஆனால் கிராமம் என்றால் எது? கணக்கெடுப்பில் உள்ள வருவாய்க் கிராமம். மேலே சொன்ன 200 பேர் சேரி முழுக்க முழுக்க தலித் சேரிதான், நூற்றுக்கு நூறு. ஆனால் கிராமக் கணக்கில் அது நூற்றுக்கு இருபது. கதவு சாத்தியாச்சு. திருவாரூர் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி 100-க்கு 34 பேர் தாழ்த்தப்பட்டோர். பழைய தஞ்சாவூர் ஜில்லா துண்டு துண்டாகப் பிரிந்த பின் மிஞ்சிய இன்றைய தஞ்சாவூரில் 100-க்கு 19 பேர்தான். அதிலும் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடையில், சேரிகள் சின்னச் சின்னதாகச் சிதறிக் கிடப்பவை. தென்னந்தோப்புக்குப் பின்னால் முப்பது வீடு, ஏரிக்கரையோரம் இருபது வீடு. இந்த மாதிரி சேரி எந்தத் திட்டத்தின் சதவீதத்துக்கும் எட்டாது. பிறகு அந்தத் திட்டத்தின் பேரும் விதியும் மாறின. அளக்கிற படி மட்டும் மாறவில்லை, அதே வருவாய்க் கிராமம்தான்.

நம்மை எண்ணுவது எப்போதும் அரசியலாகத்தான் இருந்திருக்கிறது. 1891 கணக்கெடுப்பின்போது அயோத்திதாசப் பண்டிதர் நம் மக்களைச் ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்று பதியச் சொன்னார். எழுதுகிறவன் கையில் இருக்கும் பேனா என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1932-இல் வாக்குரிமைக்காக லோதியன் குழு வந்தபோது, அதுவரை கோடிக்கணக்கில் இருந்த தீண்டப்படாதார் ஐக்கிய மாகாணத்திலும் வங்காளத்திலும் திடீரென்று லட்சங்களாகச் சுருங்கிப்போன அதிசயத்தை அம்பேத்கர் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். எண்ணிக்கைக்குத் தகுந்த நாற்காலி என்றதும் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். நாற்காலியைக் கொடுக்காமல் இருக்க ஆளே இல்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம்!

1950-ஆம் வருச ஜனாதிபதி ஆணை இன்னொரு கத்திரி. இந்து என்றால் தாழ்த்தப்பட்டோர். சீக்கியர் 1956-இல் சேர்க்கப்பட்டார்கள், பவுத்தர் 1990-இல். கிறித்துவராக மாறிய பறையரும் பள்ளரும் இன்னும் வெளியே. தஞ்சைப் பக்கம் ஒரே சேரியில், ஒரே தெருவில், அண்ணன் வீடு கட்டத்துக்குள்ளே, தம்பி வீடு கட்டத்துக்கு வெளியே. ஊர்க்காரன் ரெண்டு பேரையும் ஒரே பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். அவனுக்கு ஜனாதிபதி ஆணை தெரியாது.

இனி வீட்டுக்கு வருவோம். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

2011 கணக்குக்கான வீட்டுப் பட்டியல் படிவத்தில் 35 கட்டங்கள். தரை என்ன, சுவர் என்ன, கூரை என்ன, அறை எத்தனை, கலியாணமான ஜோடிகள் எத்தனை, தண்ணீர் எங்கே, விளக்கு எது, கக்கூஸ் உண்டா, அடுப்பு எது, ரேடியோ, டி.வி., சைக்கிள். ஒரே அடுப்பில் ஆக்கித் தின்பவர்கள் ஒரு குடும்பம் என்பது வரையறை. தனி வாசல் இருந்தால் தனி வீடு. இந்த இரண்டு வரையறைக்கும் நடுவில் நம் சனங்களின் வாழ்க்கை மாட்டிக்கொண்டு கிடக்கிறது. மூத்தவனுக்குக் கலியாணம் ஆகிறது, தாழ்வாரத்தில் தட்டி வைத்து மறைக்கிறார்கள். அடுத்தவனுக்கு ஆகிறது, பின்னால் ஒரு சாய்ப்பு இறக்குகிறார்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும் பிணக்கு வந்தால் மூன்று அடுப்பு, மூன்று குடும்பம். சமாதானம் ஆகிவிட்டால் ஒரு அடுப்பு, ஒரு குடும்பம். எழுத வருகிற வாத்தியார் எந்த நாளில் வந்தார் என்பதைப் பொறுத்துச் சேரியின் குடும்ப எண்ணிக்கை மாறும். ஆனால் மனை? அது அதே மூணு சென்ட்டுதான். தாத்தா காலத்து மூணு சென்ட்டு.

அறை என்றால் என்ன என்பதற்கும் அளவு வைத்திருக்கிறார்கள். நீளம் 2 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர், உயரம் 2 மீட்டர். இதற்குக் குறைந்தால் அது அறை இல்லை. குனிந்து நுழைந்து குனிந்தே புழங்குகிற கீற்றுக் கொட்டகையில் வாழ்கிறவருக்கு அறையே கிடையாது என்று அரசாங்கம் ஒத்துக்கொள்கிறது. 2011-இல் இந்தியா முழுக்க 100 குடும்பத்தில் 4 குடும்பம் இந்த வகை, 37 குடும்பம் ஓரறை. சாதிவாரியாக மேல்மட்டத்தில் அட்டவணை போடுகிறார்கள். கிராமத்துக்கு இறங்கி வரும்போது ஊரின் மாடியும் சேரியின் கொட்டகையும் ஒரே சராசரிக்குள் போய்ப் படுத்துக்கொள்கின்றன.

வீட்டின் நிலை என்று ஒரு கட்டம்: நல்ல நிலை, வசிக்கத்தக்கது, பாழடைந்தது. வீட்டுக்காரர் சொல்வதை வைத்து எழுத வேண்டுமாம். “மழ பேஞ்சா கோயில் மண்டபத்துக்குப் போவோம், மத்தபடி நல்லாத்தான் இருக்கு” என்கிற ஆத்தாவுக்கு எந்தக் கட்டம்? கோயில் மண்டபத்திலும் இடமில்லாத சேரிக்கு எந்தக் கட்டம்? 80-களில் கட்டிய தொகுப்பு வீடுகள் இருக்கின்றனவே, மேற்கூரையில் காரை உதிர்ந்து கம்பி பல்லிளிக்கும். குழந்தையை நடு வீட்டில் படுக்கப்போட பயப்படுவார்கள். கூரை: கான்கிரீட். படிவத்தில் அது பணக்காரக் கூரை.

தண்ணீருக்கு வருவோம். கிராமமென்றால் 500 மீட்டருக்குள் இருந்தால் ‘அருகில்’ என்று எழுதுவார்கள். தூரத்தை அளக்கிறார்கள், யார் குழாய் என்பதை அளப்பதில்லை. புதுக்கோட்டை நமக்குப் பக்கத்து மாவட்டம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் சேரி மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிந்தது. கணக்கெடுப்புப் படிவத்துக்கு அது ஒரு ‘குழாய்த் தண்ணீர்’ வீடு. அந்தக் கட்டத்தில் ஒரு டிக்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பொய் ஒன்று உண்டு. வீடு சொந்தமா, வாடகையா? கிராமப்புற இந்தியாவில் 100-க்கு 90-க்கும் மேல் சொந்த வீடு என்று 2011 கணக்கு சொல்கிறது. அடேயப்பா! சேரியில் வாடகைக்கு யார் இருக்கிறார்கள்? எல்லாரும் ‘சொந்தம்’தான். மனை யாருடையது, பட்டா யார் பேரில் என்று 35 கட்டத்தில் ஒரு கட்டம் கூடக் கேட்கவில்லை.

தஞ்சாவூரில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது மறதி என்று நான் நம்பவில்லை. இங்கே பண்ணையாள் என்பவன் மிராசுதாரின் நிலத்தில் குடிசை போட்டு, அந்தக் குடிசைக்காகவே அடிமையாக இருந்தவன். கூலி கூடக் கேட்டால் முதலில் பிடுங்கப்படுவது கூரை. 1952-இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1961-இல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம், 1971-இல் குடியிருப்பு மனையையே உரிமையாக்கும் சட்டம். இந்தச் சட்டங்கள் சும்மா வரவில்லை. செங்கொடியின் கீழ் சாணிப்பாலும் சவுக்கடியும் எதிர்த்து நின்றவர்களின் போராட்டம் வாங்கியது. 1961-க்கும் 1971-க்கும் நடுவில் 1968 டிசம்பர் 25 இருக்கிறது. கீழவெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். தமிழ்நாட்டில் ஒரு ‘கணக்கெடுப்பு வீட்டுக்குள்’ எத்தனை பேர் அடங்குவார்கள் என்பதற்கு அதைவிடக் கொடுமையான எண் கிடையாது.

அப்படி வந்த சட்டத்துக்குப் பிறகும், அரை நூற்றாண்டு தாண்டியும், பட்டா இன்னும் செத்துப்போன பாட்டன் பேரில் இருக்கிறது, அல்லது கோயில் பேரில், அல்லது புறம்போக்கு என்ற பேரில். பட்டா இல்லாதவனுக்கு வீட்டுத் திட்டம் இல்லை. ‘சொந்த வீடு’ என்று எண்ணப்பட்டவனை, வீடு கட்டப் பணம் கேட்டுப் போனால் “ஒனக்கு எடமே இல்லயேப்பா” என்று அதே அரசாங்கம் திருப்பி அனுப்புகிறது. ஒரு கையேடு அவனை உடைமையாளன் என்கிறது, இன்னொரு பதிவேடு ஆக்கிரமிப்பாளன் என்கிறது.

வீட்டுத் திட்டங்களே கணக்கின் மேல்தான் நிற்கின்றன. 2010-இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டத்துக்காகக் குடிசைகளை எண்ணினார்கள். 2016-இல் தொடங்கிய பிரதமர் வீட்டுத் திட்டம் 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின் பட்டியலை எடுத்துக்கொண்டது. அதில் மோட்டார் சைக்கிள் இருந்தாலே வெளியே, ஃபிரிட்ஜ் இருந்தாலே வெளியே. பழைய வண்டியை ஆயிரத்துக்கும் ரெண்டாயிரத்துக்கும் வாங்கித் தேங்காய் உரிக்கப் போகிற பையன் அந்த வண்டியாலேயே வீட்டை இழந்தான். 2024-இல்தான் அந்த விதியைத் தளர்த்தினார்கள். அதே 2024-இல் மாநில அரசு கலைஞர் கனவு இல்லம் என்று 8 லட்சம் வீடுகள், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று அறிவித்தது. அதற்கும் முதலில் மனை வேண்டும்.

நடுவில் 2018 நவம்பர் 16. கஜா. பேராவூரணியில் தென்னை விழுந்ததை நாடு பார்த்தது. மரத்துக்கு இவ்வளவு என்று நிவாரணம் பேசினார்கள். மரம் வைத்திருந்தவர் யார் என்பது தெரிந்ததே. அந்த மரத்தில் ஏறியும், மட்டை உரித்தும், கீற்று முடைந்தும் பிழைத்த சேரிக்காரனுக்கு மரம் கிடையாது, ஆகையால் இழப்பும் கிடையாது. அவன் கூரைக்குக் கீற்று எடுத்ததும் அதே தோப்பில்தான். கூரையும் போச்சு, கூரை போட கீற்றும் போச்சு, கீற்று முடைகிற கூலியும் போச்சு. பிறகு வந்தது தார்ப்பாய். கணக்கெடுப்பில் அதற்குக் கட்டம் உண்டு, பிளாஸ்டிக் என்று.

வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. வருசத்தில் ஆறு மாசத்துக்குக் குறைவாக வேலை செய்தவர் ‘குறுகிய கால உழைப்பாளர்’. 2011 கணக்கின்போது நூறு நாள் வேலை முழுசாகக் கிடைத்திருந்தாலும் நூறு நாள்தான், ஆறு மாசம் என்றால் 183 நாள். நாற்றுநட மிஷின், அறுக்க மிஷின் வந்த பிறகு நம் பெண்களுக்கு மிச்ச 83 நாள் எங்கிருந்து வந்திருக்கும்? விடியுமுன் எழுந்து ராத்திரி படுக்கிறவரை ஓடுகிறவளை, உழைப்பாளி என்று சொல்லக்கூட அரசாங்கம் நாள் எண்ணுகிறது. சின்னச் சேரியின் எண்களில் இன்னொரு கண்கட்டும் உண்டு. 18 ஆண், 24 பெண் இருந்தால் ஆயிரம் ஆணுக்கு 1333 பெண் என்று வரும். பெண்ணைப் போற்றும் சமுதாயம் என்று யாராவது ஆய்வேடு எழுதுவார்கள். பையன்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

வெளியிலிருந்து வந்து எண்ணியவர்களும் உண்டு. கில்பர்ட் ஸ்லேட்டர் சென்னைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துக் கிராமங்களைக் கணக்கெடுத்து 1918-இல் நூலாக்கினார், தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சியும் அதில் ஒன்று. 60-களின் தொடக்கத்தில் ஆந்த்ரே பெத்தேய் திருவையாற்றுப் பக்கம் ஒரு கிராமத்தை ஆராய்ந்தபோது அக்ரகாரத்து வீட்டில் தங்கினார். அங்கே தங்கியதாலேயே சேரி மக்கள் தன்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். நேர்மையான மனுசன். எந்தத் திண்ணையில் உட்கார்ந்து எண்ணுகிறோம் என்பது எண்ணில் தெரியும். 1980-இல் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழியும்வரை சேரியை எண்ணியது எந்தத் திண்ணை என்று சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைகள் இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு சேரியை எண்ண ரெண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். வீடு, அடுப்பு, ஜோடி, மனையின் அளவு, பட்டா யார் பேரில், எத்தனை வருசமாகக் குடியிருப்பு, எந்தக் குழாய், எந்தச் சுடுகாட்டுப் பாதை. அரசாங்கம் கேட்காததைக் கேட்டு எழுதுங்கள். ஒரு சேரியின் கணக்கு ஒரு நோட்டில் இருந்தால் மனு கொடுக்கப் போகும்போது வாய் தடுமாறாது.

அதற்குக் காலமும் இருக்கிறது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவைச் சொல்லித் தள்ளிப்போனது. 2025 ஜூன் 16-இல் அறிவிக்கை வந்தது. 2026 ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குள் வீட்டுப் பட்டியல், 2027 மார்ச் 1-ஐ நாளாகக் கொண்டு தலைக்கணக்கு என்பது அரசாங்கம் சொல்லியிருக்கும் ஏற்பாடு. 1931-க்குப் பிறகு எல்லாச் சாதியும் இந்தக் கணக்கெடுப்பில்தான் எண்ணப்படப் போகிறது. எல்லாரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள், எந்தச் சாதி எத்தனை சதம், யாருக்கு எத்தனை இடம். பேசட்டும். நான் கேட்பது சின்ன விசயம். தாசில்தார்தான் வட்டத்துக்குப் பொறுப்பு அதிகாரி. ஒரு எண்ணுநருக்குச் சுமார் 600-லிருந்து 800 பேர் வருகிற மாதிரி கிராமத்தைத் தொகுதிகளாகப் பிரித்து வரைபடம் போடுவார்கள். அதில் சேரி ஒரு தனித் தொகுதியாக நிற்கிறதா, ஊரோடு சேர்த்துச் சுற்றப்பட்டிருக்கிறதா, இல்லை தோப்புக்குப் பின்னால் இருக்கும் இருபது வீடு படத்திலேயே இல்லையா? தனித் தொகுதியாக, அது முடியாத சின்னச் சேரியைத் தனிக் குடியிருப்பாகப் பேர் எழுதிக் காட்டச் சொல்ல வேண்டும். கையேட்டில் வருவாய்க் கிராம வரிக்குக் கீழே குடியிருப்புவாரியாக வரி போடு என்று கேட்க வேண்டும். வீட்டுப் பட்டியலில் மனைப் பட்டாவுக்கு ஒரு கட்டம் வை என்று கேட்க வேண்டும். பேராவூரணி தாலுகா ஆபீசுக்கு மனு எழுதிக்கொண்டு போக ரெண்டு பேர் போதும். கூடவே அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.