பான்ஃப் பூங்காவில் சில பாதைகளில் சைக்கிளுக்குத் தடை ஏன்?

கனடாவின் ராக்கி மலையில் 1885-ல் உருவானது பான்ஃப் தேசியப் பூங்கா. இங்கே மலை சைக்கிள் ஓட்டலாம். ஆனா எல்லாப் பாதையிலும் இல்லை. மொரேன் ஏரி ஹைலைன் பாதை கோடையில் சைக்கிளுக்கு மூடப்படுகிறது.

என்ன காரணம்?

கிரிஸ்லி கரடிகள்தான். காட்டுப்பழம் பழுக்கும் நேரத்தில் அவை அங்கேதான் மேயும். பேசிக்கொண்டே நடந்து வருபவர்களின் சத்தம் கேட்டால் கரடி பெரும்பாலும் விலகிடும். சைக்கிளோ சத்தமில்லாமல், வேகமாக வளைவில் திரும்பும். திடீர்னு எதிரே வந்தால் கரடி மிரண்டு தாக்கும். 2016-ல் அமெரிக்காவின் கிளேசியர் பூங்கா அருகே, வேகமாக வந்து கரடி மீது மோதிய சைக்கிள்காரர் அதன் தாக்குதலில் உயிரிழந்தார்.

மணி அடித்தால் போதாதா?

போதாது. உரக்கக் குரல் கொடுக்கணும். மனிதரைத் தாக்கிய கரடியும் சில நேரம் கொல்லப்படுவதுண்டு. பாதையை மூடினால் இரண்டு பக்கமும் உயிர் தப்பும்.