வினவிவிட்டு விடையைப் புதைப்பதா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் அடுக்களை அறிவு. இன்றைப் புள்ளியியலுக்கும் அதுவே அடிப்படை. பானையை நன்கு கிளறி, எந்தப் பருக்கைக்கும் அகப்பையில் ஏறும் வாய்ப்பு ஒப்ப இருக்குமாறு எடுத்தால், சில பருக்கைகளே முழுப்பானையின் நிலையையும் சொல்லிவிடும். மேலாக அள்ளினால் பொய்தான் சொல்லும். 1936-இல் அமெரிக்காவில் 'இலிட்டரரி டைசெசுட்டு' எனும் கிழமையிதழ் இருபது இலக்கத்துக்கு மேற்பட்ட விடைகளைத் திரட்டியும், தோற்கவிருந்த இலாண்டனே வெல்வார் என்று அறிவித்து நாணித் தலைகுனிந்தது. தொலைபேசியும் உந்துவண்டியும் உடையார் பட்டியலையே அது பெரிதும் நம்பியிருந்தது. ஏழையின் வாய் அதன் செவிக்கு எட்டவில்லை.

இந்தியாவில் இம்முறை அளவாய்வு 1950-இல் மகலனோபிசு அவர்களின் முயற்சியால் தொடங்கிற்று. குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவிடுகின்றன என்று 2011–12-இல் வினவப்பெற்ற வீடுகள் ஓரிலக்கத்துக்குச் சற்றே மேல். அவ்விடைகளின்மேல் எழுந்தவை எத்துணை என்று எண்ணிப்பாருங்கள்! நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணில் அரிசிக்கு எவ்வளவு எடை, மருந்துக்கு எவ்வளவு எடை என்பதை அவையே வகுத்தன. அக்குறியீட்டெண்ணைப் பார்த்தே இரிசர்வு வைப்பகம் வட்டியை உயர்த்துகின்றது, தாழ்த்துகின்றது. வீட்டுக்கடன் வாங்கியவனும், கடன்பெற்றுத் தொழில் நடத்துபவனும் அதன்வழி கட்டுண்டவர்கள். சிற்றூரில் வழலைக்கட்டியைச் சிறு பொதியாக விற்பதா பெரும் பொதியாக விற்பதா எனத் துணியும் வணிகனுக்கும் இத்தகைய கணக்கே கைவிளக்கு.

இத்தகைய விளக்கை ஆட்சியாளரே ஊதி அணைத்தால் என் செய்வது?

2016 நவம்பரில் பணத்தாள்கள் செல்லாதாக்கப்பட்டன. 2017 சூலையில் சரக்கு சேவை வரி வந்தது. அவற்றை அடுத்து, 2017–18-இல் வேலைநிலை பற்றியும் வீட்டுச் செலவு பற்றியும் இரண்டு அளவாய்வுகள் நடந்தன. முன்னதன் அறிக்கைக்குப் புள்ளியியல் ஆணையம் ஒப்புதல் அளித்த பின்னும் நடுவணரசு அதனை வெளியிடவில்லை. ஆணையத்தின் உறுப்பினர் மோகனன், மீனாட்சி இருவரும் 2019 சனவரியில் விலகினர். (தன்மானம் இன்னும் செத்துவிடவில்லை!) வேலையின்மை 6.1 விழுக்காடு என்ற அவ்வறிக்கை, செய்தித்தாளில் கசிந்து, தேர்தல் முடிந்த பின் 2019 மே இறுதியிலேயே முறைப்படி வெளிவந்தது.

செலவறிக்கைக்கோ அந்தப் பேறும் இல்லை. விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால், ஆள்வீதத் திங்கட்செலவு 2011–12-இல் இருந்ததைவிட 3.7 விழுக்காடு சுருங்கிவிட்டது என்று கசிந்த படி காட்டிற்று. 2019 நவம்பரில் அரசு சொன்ன மறுமொழி என்ன? தரவின் தரம் சரியில்லை, வெளியிடோம் என்பதே!

தரம் சரியில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். 1999–2000 அளவாய்வில் வினவும் கால அளவைக் குழப்பியதால் வறுமைக் கணக்கே தடுமாறிற்று. ஆயினும் அது வெளியிடப்பட்டது, அறிஞர் பல்லாண்டு அதன்மேல் சொற்போர் புரிந்தனர். 2009–10 மழை பொய்த்த ஆண்டு என்று சொல்லப்பட்டது. அதனையும் வெளியிட்டு, 2011–12-இல் மீண்டும் வினவினர். குறையுள்ள கணக்கைத் திருத்தும் நேர்மையான வழி அதுதான். புதைப்பது திருத்தமாகாது. ஆட்சிக்கு இனிக்கும் விடை வந்திருந்தால் இந்தத் தரக்கேடு அவர்கள் கண்ணில் பட்டிருக்குமா என்று வினவுகின்றோம்.

விளைவு என்ன? அடுத்த செலவளவாய்வு 2022–23-இல்தான் நடந்தது. வினவும் முறையும் அதில் மாற்றப்பட்டிருந்ததால், பழையதோடு நேர்நிறுத்தி ஒப்பிடுதல் அரிதாயிற்று. இடைப்பட்ட பதினோராண்டில் உழவனும் கூலியாளும் கைத்தொழிலாளியும் என்ன உண்டார்கள், எதைக் குறைத்தார்கள் என்பதற்கு அரசின் ஏட்டில் விடையில்லை. விலைக் குறியீட்டெண்ணோ பழைய எடையையே சுமந்துகொண்டு நடந்தது.

வினவ வந்தவர்க்குத் திண்ணையில் இடங்கொடுத்து, அன்றைய கூலியை இழந்து, தன் அடுப்பங்கரைக் கணக்கை ஒளிக்காமல் சொன்னவள் ஒரு குடியானவப் பெண். அந்த ஆய்வுக்குச் செலவிட்டதும் மக்கள் வரிப்பணம். பெயர்களை நீக்கி, குடும்பவாரித் தரவு முழுவதையும் வெளியிடுக! குறைகளையும் உடன் எழுதுக! இனி எந்த அளவாய்வாயினும், அறிக்கை வெளியாகும் நாளை வினவத் தொடங்குமுன்பே அறிவித்து, அந்நாளை மாற்றும் உரிமையை அமைச்சரிடமிருந்து பறித்து ஆணையத்திடம் கொடுக்கச் சட்டம் செய்க!