உதிர்வது வேறு, உடைவது வேறு

அட்லாண்டாவில் மகன் வீட்டில் நான்கு மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் புதுச்சேரி திரும்பினேன். காலையில் கடற்கரையில் நடக்க வரும் நண்பர்கள், "என்ன ஓய், அமெரிக்காவில் என்னத்தைப் பார்த்தீர்?" என்று கேட்டார்கள். "தலைமுடி" என்றேன். சிரித்தார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் மருமகள் கறுப்பின அமெரிக்கப் பெண். ஜார்ஜியா மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்தவள். என்னை "அப்பா" என்றுதான் கூப்பிடுவாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மகன் அவளை முதல்முறை வீட்டுக்கு அழைத்து வந்தபோது, அவள் முடி சுருள் சுருளாக, குடை விரித்த மாதிரி நின்றது. தெருவே பார்த்தது. ஆறு மாதம் கழித்துக் கல்யாணத்துக்கு வந்தபோது முடியை நேராக்கி, பளபளவென்று தோளில் விழும்படி வந்தாள். "இப்பதாம்மா லட்சணமா இருக்கு" என்று நான்தான் சொன்னேன். மகன் அதை அவளுக்கு மொழிபெயர்த்தான். எல்லோரும் மகிழ்ந்தோம். நான் அதை அன்றே மறந்துவிட்டேன்.

இந்த முறை போனபோது அவள் பின்னந்தலையில் முடி கையகலத்துக்குக் கட்டை கட்டையாக நின்றது. குளியலறைத் தொட்டியில் தினமும் முடி. முடி கொட்டுகிறது என்று கடையில் வைட்டமின் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தாள். பயனில்லை. நானும் என் பங்குக்கு இங்கிருந்து கொண்டுபோன தேங்காய் எண்ணெயை நீட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தாள்.

முடியை நேராக்கப் பூசும் களிம்புக்கு அங்கே ரிலாக்ஸர் என்று பெயர். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பிரெஞ்சில் இதைத் 'தெஃப்ரிஸே' என்பார்கள், சுருளை எடுப்பது என்று அர்த்தம். ஆங்கிலத்திலோ ஏதோ முடிக்கு ஓய்வு கொடுப்பது போலப் பெயர் வைத்துவிட்டார்கள். உள்ளே இருப்பது என்ன? ஒரு வகையில் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது சோப்புக் காய்ச்சுகிறவர்கள் பயன்படுத்தும் காஸ்டிக் சோடா. இன்னொரு வகையில், நாம் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு இருக்கிறதே, அதே கால்சியம் ஹைட்ராக்சைடு. அதோடு இன்னொரு திரவத்தைக் கலந்து பூசுவார்கள். இது தலைத்தோலுக்குக் கொஞ்சம் மென்மை என்று பெயர், ஆனால் முடியில் சுண்ணாம்பு படிந்து வறண்டுபோகும். இரண்டுமே செய்யும் வேலை ஒன்றுதான். முடிக்குள் சுருளையும் பலத்தையும் பிடித்து வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை அறுத்துவிடும். அறுந்தது பழையபடி ஒட்டாது. நேரான முடி என்றால் அந்த அளவுக்குப் பலம் குறைந்த முடி என்றே கணக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கேட்டுக்கொண்டு, சீப்பிலும் தொட்டியிலும் வந்த முடியை ஒரு வெள்ளைத்தாளில் பரப்பினேன். நாற்பது வருஷம் கோப்பு பிரித்த கை. பூதக்கண்ணாடியை வைத்து இரண்டாகப் பிரித்தேன். முழு நீளமாக, ஒரு முனையில் வெள்ளையாகக் கடுகிலும் சிறிய குமிழ் உள்ளது ஒரு பக்கம். குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக இருப்பது இன்னொரு பக்கம்.

குமிழ் உள்ளது உதிர்ந்த முடி. அதன் ஆயுள் முடிந்து வேரிலிருந்து கழன்றது. எல்லோருக்கும் ஒரு நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு வரை உதிரும். வாரம் ஒருமுறை மட்டும் தலை அலசுகிறவர்களுக்கு அந்த வாரத்து முடியெல்லாம் சேர்ந்து வரும்போது கொத்தாகத் தெரியும். அது கண்டு பயப்பட வேண்டியதில்லை. கடுங்காய்ச்சல், பிரசவம், பெரிய மனக்கவலை இவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து அதிகமாக உதிரும், பிறகு பெரும்பாலும் தானே சரியாகும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு இவையும் காரணமாகலாம். அதற்கு ரத்தப் பரிசோதனை, மருத்துவர்.

குமிழ் இல்லாத துண்டு, உடைந்த முடி. வேர் நன்றாகத்தான் இருக்கிறது, நடுவில் முறிந்துவிட்டது. இதற்கு மாத்திரை உதவாது. ஏனென்றால் வெளியே வந்த முடி உயிரில்லாத பொருள். வயிற்றுக்குள் போடுவது அதைப் போய்ச் சேராது.

என் மருமகளுக்குத் துண்டுகளின் குவியல்தான் பெரிது. மனு தவறான செக்‌ஷனுக்குப் போய் மாதக்கணக்கில் கிடந்திருக்கிறது!

பிறகு இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். அவள் போகும் அழகு நிலையத்தில், ஆறு வாரத்துக்கு ஒருமுறை களிம்பை வேரிலிருந்து நுனிவரை இழுத்துப் பூசுகிறார்கள். தவறு அங்கேதான். புதிதாக வளர்ந்த சுருளுக்கு மட்டும்தான் பூச வேண்டும். ஏற்கெனவே நேரானதன் மேல் மறுபடி பட்டால், அறுந்ததையே மறுபடி அறுப்பதுதான். அதற்காக ரொம்ப நாள் தள்ளிப்போட்டாலும் கவனம் வேண்டும். புதுச் சுருள் முடியும் பழைய நேர் முடியும் சேரும் இடம்தான் மிகப் பலவீனம். அங்கே சீப்பை அழுத்தி இழுத்தால் பட்டென்று முறியும்.

அவளே படித்தும் கேட்டும் செய்துகொண்ட மாற்றங்களைச் சொல்கிறேன். எட்டு, பத்து வாரத்துக்கு ஒருமுறை மட்டும் களிம்பு, அதுவும் வேறு கைத்திறமையான பெண்ணிடம். பூசும் முன் தலைத்தோலில் வாஸலின். முதல் நாள் தலையைச் சொறிவதில்லை. பிறகு காரத்தை முறிக்கும் ஷாம்பூவால் நன்றாக அலசல். வாரம் ஒருமுறை ஆழமாக ஊறும் கண்டிஷனர், அவ்வப்போது புரதச் சிகிச்சை. புரதம் அதிகமானாலும் முடி விறைத்து ஒடியும், அதனால் அளவோடு. சூட்டு இஸ்திரி ஏறக்குறைய நின்றது. அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்தல். இரவில் சாட்டின் துணி கட்டிக்கொண்டு தூக்கம், பருத்தித் தலையணை முடியை உரசும், ஈரத்தையும் உறிஞ்சும். பிளந்த நுனிகளை மனம் தேற்றிக்கொண்டு வெட்டினாள். தேங்காய் எண்ணெய்க்கும் இடம் கிடைத்தது. அலசும் முன் தடவினால் முடியிலிருந்து புரதம் கழிவது குறையும். ஆனால் உடைந்ததை ஒட்டவைக்காது என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஒரு எச்சரிக்கை. உச்சந்தலையில் வட்டமாக மெலிந்தாலோ, எரிச்சலும் வலியும் இருந்தாலோ, நெற்றியோரம் ஏறிக்கொண்டே போனாலோ வீட்டு வைத்தியம் கூடாது. உச்சியில் தொடங்கிப் பரவும் ஒரு நோய் கறுப்பினப் பெண்களிடம் அதிகம். அது முடிக்குழியையே தழும்பாக்கிவிடும், பிறகு முளைக்காது. இழுத்துப் பின்னுவதும், சவுரி தைத்துக்கொள்வதும் ஓரங்களை வழுக்கையாக்கும். அந்தச் சவுரிகளில் திருப்பதியில் நம்மவர்கள் காணிக்கையாக இறக்கிய முடியும் இருக்கிறது. தேவஸ்தானம் ஏலம் விட்டு, கடல் கடந்து போகிறது. மருமகள் தோல் மருத்துவரிடம் காட்டினாள். தழும்பு இல்லை, உடைவுதான் என்று அவரும் சொன்னார்.

இதெல்லாம் எதற்கு, நேராக்குவதையே விட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன், சம்பந்தியம்மாவிடம். எழுபது வயது. நாற்பது வருஷமாக ரிலாக்ஸர் போடுகிறார், ஒரு முடி கலையாமல் சர்ச்சுக்குப் போகிறார். என்னை நிதானமாகப் பார்த்துச் சொன்னார்: "உங்கள் முடியைப் பார்த்து யாராவது உங்களுக்கு வேலை இல்லை என்றிருக்கிறார்களா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். வேலையிடத்திலும் பள்ளியிலும் முடியின் இயல்பை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று கலிபோர்னியா சட்டம் போட்டதே 2019-இல்தான். அமெரிக்காவில் அதுதான் முதல் மாநிலம். பிரான்சின் நாடாளுமன்றக் கீழவை இதுபோன்ற ஒரு மசோதாவுக்கு 2024 மார்ச்சில்தான் வாக்களித்தது. நான் பள்ளியில் 'சமத்துவம்' என்ற சொல்லை எத்தனை முறை பிரெஞ்சில் எழுதியிருப்பேன்! ஆகவே பெரியவர்கள் தங்கள் தலைக்கு என்ன செய்துகொள்கிறார்கள் என்பது அவர்கள் முடிவு. செய்தால் சரியாகச் செய்ய வேண்டும், அவ்வளவே.

ஆனால் குழந்தை விஷயத்தில் என் கருத்து வேறு. என் பேத்திக்கு எட்டு வயது. அவளும் நேராக்கிக்கொள்ள வேண்டும் என்று அடம் பிடித்தாள். "எதுக்கும்மா?" என்று கேட்டேன். "தாத்தாவுக்கு நேர் முடிதானே பிடிக்கும், அம்மா சொன்னாங்க" என்றாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் சொல்லி மறந்த ஒரு வாக்கியம், ஒரு பெண் மனதில் தங்கி, அவள் மகள் வாய்வழியாக என்னிடமே திரும்பி வந்துவிட்டது.

அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனம் 2022-இல் ஒரு முடிவு வெளியிட்டது. முடியை நேராக்கும் ரசாயனங்களை அடிக்கடி பயன்படுத்தியவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் அதிகம் காணப்பட்டது என்று. எழுபது வயதுக்குள் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம். தொடர்பு என்றுதான் சொன்னார்கள், அதுதான் காரணம் என்று அறுதியிடவில்லை. இருக்கட்டும். தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்கும் வயது வராத குழந்தையின் தலையில் இதைப் பூசலாமா? கூடாது என்பேன். மருமகளும் அதையேதான் சொன்னாள். ஆனால் குழந்தையைச் சமாதானப்படுத்துவது என் கடமை என்றாள். நியாயம்தானே.

"தாத்தா அன்னைக்குத் தெரியாம பேசிட்டேன். உன் முடி உன் அம்மாவுக்கு முன்ன இருந்த முடி. அதுவும் அழகுதான்" என்று சொன்னேன். நம்பினாளா தெரியவில்லை. ஆனால் அன்று முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் சிக்கெடுக்கும் வேலையை எனக்குக் கொடுத்தாள். தண்ணீர் தெளித்து, கண்டிஷனர் தடவி, நுனியிலிருந்து மேலே. ஒன்றரை மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் "தாத்தா!" என்று கத்துவாள்.

நம் தெருவிலும் இப்போது வெளிநாட்டு மருமகள்கள், மருமகன்கள் வருகிறார்கள். லட்சணம் என்ற சொல்லை எடுக்கும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை.